ஈஸ்ட்ரோஜன் ஏற்பி: பூட்டு-சாவி உவமை எங்கே உடைகிறது?

ஹார்மோன் பற்றி எந்த அறிமுகக் கட்டுரையைத் திறந்தாலும் இரண்டாவது பத்திக்குள் ஒரு பூட்டும் ஒரு சாவியும் வந்துவிடும். ஹார்மோன்தான் சாவி, செல்லில் இருக்கும் ஏற்பி, அதாவது ரிசெப்டர், பூட்டு. மருந்து என்பது பூட்டுக்குள் மாட்டிக்கொண்ட போலிச் சாவி. அது உள்ளே இருக்கும்வரை நிஜச் சாவி நுழையாது. அவ்வளவுதான் கதை.

எளிமைப்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி விஷயத்தில் இந்த உவமை, மருந்து சாப்பிடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதியையே மறைத்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் உவமைக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். 1894-ல் எமில் ஃபிஷர் இதை நொதிகளுக்காகச் சொன்னார், ஹார்மோனுக்காக அல்ல. 1958-ல் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க அடையாளம் இட்ட எஸ்ட்ராடியாலை இளம் பெண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கர்ப்பப்பை மாதிரியான சில திசுக்கள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன, மற்றவை விட்டுவிட்டன. பிடித்து வைத்த இடத்திலும் ஹார்மோன் வேதியியல் மாற்றம் ஏதும் இல்லாமல் அப்படியே இருந்தது. 'ஆள் பார்த்துப் பிடிக்கும் ஒன்று உள்ளே இருக்கிறது' என்பதற்கு அது வலுவான ஆதாரம். அதுவரைக்கும் பூட்டு-சாவி சரிதான்.

சிக்கல் டமாக்சிஃபெனில் ஆரம்பிக்கிறது. 1962-ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் இதைத் தயாரித்தார். தேடியது கருத்தடை மருந்தை. எலிகளில் கருத்தடையாக வேலை செய்தது. பெண்களிடமோ சினைமுட்டை வெளியேறுவதைத் தூண்டியது! பிறகு மார்பகப் புற்றுநோய்க்குத் திரும்பி, 1977-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை என்பதால் இது எவ்வளவு பேரைத் தொடும் மருந்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்து மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்து எலும்பைக் காக்கிறது. கர்ப்பப்பை உட்சுவரிலும் ஈஸ்ட்ரோஜன் போல நடந்து அதை வளரத் தூண்டுகிறது. பூட்டு ஒன்று, போலிச் சாவியும் ஒன்று. ஒரு வீட்டில் கதவை அடைக்கிறது, அடுத்த வீட்டில் திறக்கிறது. இதைப் பூட்டு-சாவிப் படத்தில் எங்கே வரைவீர்கள்?

உண்மையில் நடப்பது வேறு. இந்த ஏற்பி பெரும்பாலும் செல்லின் வாசலில் இல்லை, உட்கருவுக்குள் இருக்கிறது. டிஎன்ஏவில் உட்கார்ந்து எந்த ஜீன் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பதில் பங்கெடுக்கும் புரதம் அது. ஹார்மோனோ மருந்தோ வந்து உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவமே மாறுகிறது. 1997, 98-ல் வந்த படிகப் படங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: எஸ்ட்ராடியால் உட்கார்ந்தால் 12-வது சுருள் ஒரு பக்கம் மடிந்து, துணைப் புரதங்கள் ஒட்ட இடம் கொடுக்கிறது. டமாக்சிஃபெனின் செயல்படும் வடிவம் உட்கார்ந்தால் அதே சுருள் நகர்ந்து அந்த இடத்தை மறைக்கிறது. இதற்கு மேல் அந்தத் திசுவில் எந்தத் துணைப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு. எங்க தொழில் பாஷையில் சொன்னால், எல்லா சர்வரிலும் ஒரே புரோகிராம், கான்ஃபிக் மட்டும் வேறு வேறு.

இன்னொரு உடைப்பும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கும் மருந்துகளை நீண்ட நாள் எடுத்த சில நோயாளிகளின் கட்டியில் இந்த ஏற்பியின் ஜீன் பிறழ்ந்துவிடுகிறது. பிறகு ஹார்மோன் இல்லாமலேயே ஏற்பி வேலை செய்யும். சாவியே இல்லை, கதவு திறந்தே கிடக்கிறது. இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கென்றே எலாசெஸ்ட்ரன்ட் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

'சரிப்பா, ஒரு உவமை தப்பா இருந்தா என்ன குடி முழுகிடுச்சு?' என்று கேட்கலாம். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர் இந்த மாத்திரையில் இருக்கிறார். நெட்டில் எதையோ படித்துவிட்டு, "அடைக்கிற மருந்துன்னுதானே சொன்னாங்க, அதுவே எப்படிக் கேன்சரைக் கொடுக்கும்? யாரோ பொய் சொல்றாங்க" என்றார். அவர் கையில் இருந்த படத்தை வைத்துப் பார்த்தால் அவர் தர்க்கத்தில் பிழையே இல்லை. படம்தான் தப்பு. அந்தத் தர்க்கம் போகும் இடம், மாத்திரையைத் தானாக நிறுத்துவது.

எண்களைப் பாருங்கள். நோய் வரும் ஆபத்து அதிகம் உள்ள 13,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1998-ல் வந்தது. பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 175 பேருக்கு, டமாக்சிஃபென் எடுத்தவர்களில் 89 பேருக்கு. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் அதே வரிசையில் 15, 36. இரண்டாவது ஆபத்து நிஜம். ஆனால் அந்த 36-ம் ஆரம்ப நிலையில் இருந்தவை, பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களிடம். ஏற்கெனவே நோய் வந்து, கட்டியில் ஏற்பி உள்ளவர்கள் 5 ஆண்டு எடுத்தால் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆக, மருந்தை நிறுத்துவதற்கு இது காரணம் இல்லை. மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதற்குக் காரணம். 'எல்லா இடத்திலும் அடைக்கிறது' என்று நம்புகிறவர் அந்த ரத்தத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

நம் ஊரிலும் இதே குடும்பத்து மருந்து உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991-ல் சந்தைக்கு வந்த 'சஹேலி' வாராந்திரக் கருத்தடை மாத்திரை. இப்போது அரசுத் திட்டத்தில் 'சாயா' என்ற பெயரில் கிடைக்கிறது. 'ஹார்மோன் இல்லாத மாத்திரை' என்று சொல்வது சரிதான். ஆனால் அது வேலை செய்வது ஹார்மோன் ஏற்பியில்தான். பூட்டு-சாவியோடு நின்றுவிட்டவருக்கு இந்த இரண்டு வாக்கியமும் முரணாகவே படும்.

ஏற்பி பற்றி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு வரிதான். பூட்டு-சாவியைச் சொல்லுங்கள், அடுத்த வரியிலேயே 'ஒவ்வொரு உறுப்பிலும் விளைவு வேறாகலாம்' என்றும் எழுதிவிடுங்கள். படிக்கிறவர்களும் 'இந்த மருந்து ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும்' என்று எங்கே பார்த்தாலும் 'எந்த உறுப்பில்?' என்று கேளுங்கள். டாக்டரிடமும் அதையே கேட்கலாம், தப்பே இல்லை.