போயிலை இல்லாத வெத்திலை

வெத்திலைக்கு எதிராக இலங்கையில் நடந்த பிரசாரம் பாதித் தூரம்தான் வந்திருக்கிறது. புகையிலை கெட்டது என்பதைச் சனங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களுக்குத் தடை வந்தபின் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. கூடவே வேறொரு நம்பிக்கையும் வேர்விட்டிருக்கிறது. போயிலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இலையும் பாக்கும் சுண்ணாம்பும்தானே, அதில் என்ன கேடு? சுண்ணாம்பு கல்சியம், கல்சியம் எலும்புக்கு நல்லது, ஆகவே அது மருந்து என்றுகூடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கொழும்பு தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியோரக் கடைகளில் இந்த நம்பிக்கையை நேரிலேயே கேட்கலாம். “போயிலை போடவா அண்ணே?” “வேணாம் தம்பி, பாக்கும் சுண்ணாம்பும் மட்டும் போடுங்க.” கடைக்காரர் ஈரத்துணிக்குள்ளிருந்து ஒரு இலையை உருவி, காம்பைக் கிள்ளி, ஆட்காட்டி விரலால் சுண்ணாம்பை இழுத்துத் தடவுகிறார். விரலில் ஒட்டிய மிச்சத்தைக் கடையின் மரச்சட்டத்தில் துடைக்கிறார். வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து அந்த இடத்தில் சுண்ணாம்பு விரற்கடை தடிப்புக்கு ஏறியிருக்கிறது. வாங்கியவர் மடித்ததைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு போகிறார். உடம்புக்குக் கேடில்லாததைத் தேர்ந்துகொண்டோம் என்ற நிம்மதி அவருக்கு. அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் வெத்திலைக்குச் சேரவேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுக்காமல் பேசியதால்தான் சுகாதாரப் பிரசாரம் பலருக்குப் பிரசங்கமாகவே கேட்டது. தட்டத்தில் வெத்திலை பாக்கு வைக்காமல் நம்மவர் வீட்டில் ஒரு நல்ல காரியம் தொடங்காது. சிங்களக் குடும்பங்களில் பெரியவர்களை வணங்கும்போது கையில் வைத்துக் கொடுப்பதும் வெத்திலையைத்தான். இலை மட்டும் என்று பார்த்தால் குற்றம் சொல்ல அதிகம் இல்லை. அதிலுள்ள ஹைட்ராக்சிசாவிகோல் போன்ற பொருட்கள் ஒட்சியேற்றத்தைத் தடுக்கக்கூடியவை. விலங்குகளில் செய்த சோதனைகளில் இலைச்சாறு புற்றுநோய்க்கு எதிராகவே நின்றிருக்கிறது. பாக்கு விழிப்பைத் தருகிறது, பசியை அடக்குகிறது, உடம்பில் ஒரு சூட்டை ஏற்றுகிறது. எஞ்சின் கொட்டகையில் இரவு வேலை பார்ப்பவரும், புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவரும், அட்டைக்கடிக்கு நடுவே கொழுந்து பறிக்கும் தோட்டத்துப் பெண்ணும் அதை நாடுவதற்குக் காரணம் வெறும் பழக்கதோஷம் அல்ல. உழைப்பு கடுமையானது, சாப்பாடு போதாதது. அந்த இடைவெளியை அடைக்கக் கையில் கிடைத்த மலிவான பொருள் அது.

சுண்ணாம்பிலிருந்து கல்சியம் உடம்பில் சேர்கிறது என்பதும் பொய்யல்ல. சொல்லப்போனால் அளவுக்கு மிஞ்சியே சேரக்கூடும். ஓயாமல் பாக்கு மெல்லும் சிலருக்கு இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைத் தாய்வான் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் கல்சியத்தை எலும்பின் சத்தாக மட்டும் பார்க்கிற வரைக்கும் வாயில் நடக்கிற காரியம் நமக்குப் பிடிபடாது.

கல்சியம் செய்தி சொல்லும் பொருள். லண்டனில் சிட்னி ரிங்கர் 1883இல் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துச் சோதித்தபோது, குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்பில் அது துடித்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்ததில் துடிப்பு அடங்கியது. குழாய்த் தண்ணீரில் இருந்த கல்சியம்தான் வித்தியாசம். ஒவ்வொரு கலமும் தன் குழியவுருவில் கல்சியத்தை மிகமிகக் குறைவாக வைத்திருக்கிறது. வெளியில் இருப்பது அதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. ஓயாமல் இறைத்து வெளியே தள்ளியும், அகமுதலுருச் சிறுவலை என்ற உள்ளறையில் அடைத்துவைத்தும் கலம் இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கிறது. அதற்காகப் பெருமளவு சக்தியைச் செலவிடுகிறது. இத்தனை பாடு எதற்கென்றால், கதவு ஒரு கணம் திறந்தாலே உள்ளே அளவு சட்டென்று உயரும். அந்த உயர்வே கட்டளையாகிவிடும். சுருங்கு, சுர, பிரி, நகர், செத்துப்போ என்று எத்தனையோ கட்டளைகளை இந்த ஒரே அயன் கொண்டுபோகிறது. எவ்வளவு உயர்ந்தது, எந்த மூலையில் உயர்ந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். வெளியிலிருந்து ஒரு பொருள் கலத்தின் மேலுள்ள வாங்கியைத் தொட்டால் ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உண்டாகி உள்ளறையின் கதவைத் திறக்கிறது என்று 1983இல் மைக்கேல் பெரிட்ஜும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

கலத்தின் சாவும் இதற்குள் அடக்கம். கலங்கள் ஒழுங்காகத் தம்மை முடித்துக்கொள்ளும் அப்பொப்டோசிஸ் என்ற முறைக்குப் பெயர் வந்தது 1972இல். பழுதான கலம் சாகவேண்டிய நேரத்தில் உள்ளறைக் கல்சியம் பக்கத்திலிருக்கும் இழைமணிக்குள் அளவுக்கு மீறிப் பாய்கிறது; இழைமணியின் சவ்வு உடைகிறது; அதற்குள்ளிருந்து கசியும் புரதங்கள் அழிவுவேலையைத் தொடங்குகின்றன. புற்றுக்கலத்தின் சாமர்த்தியம் இந்த இடத்தில்தான். பிசிஎல்-2 என்ற புரதத்தை அளவுக்கு மேல் உண்டாக்கி, உள்ளறையிலிருந்து வரும் பாய்ச்சலைக் கட்டுப்படுத்திக்கொண்டு, சாவுக் கட்டளை எட்டாதபடி பார்த்துக்கொள்ளும் புற்றுக்கலங்கள் உண்டு. அதே கலங்கள் வளர்ச்சிக்கும் நகர்வுக்கும் கல்சியத் துடிப்புகளைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. சாவு தரும் செய்தியை அடைத்துவிட்டு வளர்ச்சி தரும் செய்தியை மட்டும் திறந்துவைக்கும் இந்தத் தந்திரம் என்னை அச்சப்படுத்துகிறது.

கன்னத்துக்குள் ஒதுக்கிய பாக்கு இந்த ஏற்பாட்டில் இரண்டு வழியாகக் கைவைக்கிறது. ஒன்று சுண்ணாம்பின் காரம். சுண்ணாம்பு பாக்கின் பொலிபீனோல்களைச் சிவக்க வைக்கும்போதே, கலங்களைத் தாக்கும் ஒட்சிசன் மூலிகங்களும் பிறக்கின்றன. அவை டிஎன்ஏயைப் பழுதாக்கும். கல்சியத்தை இறைக்கும் பம்பிகளும் இத்தகைய ஒட்சியேற்றத் தாக்குதலுக்கு எளிதில் ஆட்படுபவை. மேல்தோல் வெந்து உதிர, அடியிலுள்ள கலங்கள் இடத்தை நிரப்பத் திரும்பத் திரும்பப் பிரிகின்றன. பிரிவு கூடக்கூடப் பிழையும் கூடுகிறது. மற்றது பாக்கின் அரெகொலின். அது மஸ்கரினிக் வாங்கிகளைத் தொடும் பொருள். எச்சில் ஊறுவதும் வியர்ப்பதும் அதனால்தான். அதே தொடுகை கன்னத்துக் கலங்களின் உள்ளேயும் கல்சியத்தை உயர்த்துகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கொண்டையாவின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. பாக்குச் சாறு மேல்தோல் கலங்களில் மஸ்கரினிக் வாங்கி வழியாகவும், கல்சியத்தால் முடுக்கப்படும் நொதியம் வழியாகவும், ஒட்சிசன் மூலிகங்கள் வழியாகவும் டிஜிஎஃப்-பீட்டா பாதையை விழிக்கச் செய்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அந்தப் பாதைதான் கன்னத்துச் சதையை நாராக இறுகவைப்பது. வாயைத் திறக்க முடியாமல், மிளகாய் பட்டாலே எரிந்து, சோற்றைப் பிசைந்து சிறு உருண்டையாக்கி உள்ளே தள்ளவேண்டிய நிலைக்கு ஆளாகும் அந்த நோய்க்கு முதற்காரணம் பாக்கு. புகையிலையைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றாகவும் மாறுகிறது.

இந்த விளக்கம் அழகானது. ஆனால் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆய்வுகூடத் தட்டில் கலங்கள் சில மணிநேரமோ சில நாட்களோதான் பாக்குச்சாற்றில் இருக்கின்றன; மனிதர்கள் முப்பது வருடம் மெல்லுகிறார்கள். பல ஆய்வுகள் தூய அரெகொலினை எடுத்துக்கொள்கின்றன; வாய்க்குள்ளோ சுண்ணாம்பு அதில் கணிசமான பங்கை அரெகைடின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அது மூளையில் வேறு வேலை செய்யும் பொருள். ஆகவே கல்சியச் சமிக்ஞை வாய்ப்புற்றுக்கு ஒரு பாதை என்று சொல்லலாமே தவிர, அதுதான் பாதை என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது. இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்றும் இருக்கிறது. சுண்ணாம்பிலுள்ள கல்சியமே கலத்துக்குள் புகுந்து சமிக்ஞையாகிறது என்று எண்ணிவிடக்கூடாது. சமிக்ஞை கொடுப்பது கலம் தானே சேர்த்துவைத்திருக்கும் கல்சியமும், அது திறந்துவிடும் கதவுகளும். சாப்பாட்டில் வரும் கல்சியத்தை இரத்தத்தில் ஒரே அளவில் வைத்திருக்கப் பரதைராயிட் சுரப்பி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் கல்சியம் லக்டேட் குளிசையைப் பயந்து குப்பையில் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்தக் குளிசைக்கும் இந்தச் சுண்ணாம்புக்கும் பொதுவாக இருப்பது ஒரு மூலகத்தின் பெயர் மட்டுமே.

மருத்துவத்தின் பக்கமும் இதே சிக்கல்தான். கல்சியத்தைக் கொண்டே புற்றுக்கலத்தைக் கொன்றுவிடலாமே என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாக முயல்கிறார்கள். மத்தியதரைக் கடலோரத்துச் செடி ஒன்றிலிருந்து எடுத்த தப்சிகார்கின், உள்ளறையின் பம்பியை அடைத்துக் கலத்தைச் சாகடிக்கும். ஆனால் அந்தப் பம்பி நல்ல கலத்திலும் உண்டு. புரொஸ்டேட் கட்டியில் மட்டும் விழிக்கும்படி அதை மாற்றியமைத்து மனிதரிலும் பரிசோதித்தார்கள். நடைமுறை மருந்தாக அது நிலைக்கவில்லை. சிலியில் சேசார் கார்தேனாசின் குழு 2016இல் காட்டியது எதிர்ப்பக்கத்தை: உள்ளறையிலிருந்து இழைமணிக்குப் போகும் மெல்லிய கல்சியக் கசிவை நிறுத்தினால் புற்றுக்கலங்கள் சக்தியின்றிச் சாகின்றன, சாதாரணக் கலங்கள் அதே நிலையைத் தாங்கிக்கொள்கின்றன. கூடினாலும் சாவு, குறைந்தாலும் சாவு. நம்பிக்கை தரும் துறைதான். ஆனால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் இன்று தாடையோடு கட்டியை வெட்டியெடுக்கக் காத்திருப்பவருக்கு அது இன்னும் கைக்கெட்டவில்லை.

ஆகவே தீர்ப்புக்கு நான் சாய்வது கலத்தை அல்ல, சனங்களைப் பார்த்த ஆய்வுகளின் மேல். பப்புவா நியூகினியில் பாக்கைத் தனியாகக் கடித்து, சுண்ணாம்பை வெற்றிலைக் கொடியின் காயில் தொட்டுக் கடைவாயில் வைப்பார்கள். 1992இல் தோமசும் மக்லெனனும் லான்செட்டில் எழுதியபடி, சுண்ணாம்பு படும் இடத்தின் பி.எச். அளவு 10 அளவில் இருந்தது. புற்றும் பெரும்பாலும் அதே கடைவாயிலும் கன்னத்திலும்தான் முளைத்தது. அங்கே புகைப்பவர்களும் உண்டு. ஆனால் சிகரெட் புகை சுண்ணாம்பு வைத்த மூலையை மட்டும் தேடிப்போய்த் தாக்காது. தாய்வானில் பாக்கோடு புகையிலை சேர்ப்பதில்லை. வாய்ப்புற்று அங்கே ஆண்களின் பெரிய நோய்களில் ஒன்று. நம் நாட்டிலேயே, சபரகமுவ மாகாணத்தில் ஹேமந்த அமரசிங்கவும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெத்திலை மெல்லுதல் புற்றுக்கு முந்திய வாய்நோய்களுக்குப் பெரிய காரணம் என்று சொல்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேர்த்த வெத்திலையை 1985இலேயே குற்றவாளி என்றது. புகையிலையில்லாத வெத்திலையையும் பாக்கையும் 2004இல் வெளியான தொகுதியில் மனிதருக்குப் புற்று தருபவை என்ற அதே முதற்பிரிவில் வைத்தது. அந்த இரண்டாவது தீர்ப்பு பேஸ்லைன் வீதிக்கு இன்னும் வந்து சேரவில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகம் பதிவாகும் புற்று உதடு, வாய், தொண்டைப் பகுதியில்தான் என்கிறபோது, இந்தத் தாமதத்தைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தடைச்சட்டத்தால் இதைத் தீர்க்கலாம் என்று நான் நினைக்கவில்லை. புகையிலைக்குச் சட்டம் போடலாம். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நிற்கும் கமுகுக்கு எப்படிப் போடுவது? வெத்திலைத் தட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் கொழும்பில் ஏராளம். ஆனால் சுவரொட்டியில் புகையிலைப் படத்துக்குப் பக்கத்தில் பாக்கையும் சுண்ணாம்பையும் போடுவதற்குச் சட்டம் தேவையில்லை. தமிழில், தெமட்டகொடையில் பேசுகிற தமிழில், எழுதப்பட்டால் போதும். தட்டத்தில் இலை இருக்கட்டும், காரியத்துக்கு வைக்கட்டும்; மெல்லுவதற்குப் பாக்கைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வது மரபை அவமதிப்பதாகாது.

இன்னொரு வேலையும் கிடக்கிறது. 1984இல் வெளியான ஒரு ஆய்வில் 34 ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு வருடத்தில் 28,295 இலங்கையரின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரிய 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போனவர்கள் 660 பேர். பணியாளர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள், சனங்கள் போகவில்லை. நாட்கூலி போய்விடும் என்ற கணக்கும், “வலிக்கவில்லையே” என்ற நினைப்பும் காலைக் கட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் வலிக்காது என்பதுதான் இந்த நோயின் வஞ்சகம். தெமட்டகொடையிலிருந்து வோட் பிளேசில் உள்ள தேசிய பல் வைத்தியசாலை கிட்டத்தான். பாக்கு மெல்லுகிறவர் வாயைத் திறந்து மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துப் பார்க்கலாம். மூன்றும் போகவில்லை என்றாலோ, கன்னத்தின் உட்புறம் துடைத்தும் போகாத வெள்ளையோ சிவப்போ தெரிந்தாலோ, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண் இருந்தாலோ, மறுநாளே போய்க் காட்ட வேண்டும். பழக்கத்தை விட்டால் வெள்ளைப் படலம் சிலருக்கு மறைந்துபோகும். இறுகிய சதை பழையபடி இளகாது. ஆனால் மேலும் இறுகுவதை மட்டுப்படுத்தலாம், புற்று முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.