அவெஞ்சருக்கு 140 டயர்: அகலம் தருவதும் கேட்பதும்

பின்னாலிருந்து பார்க்கும்போது டயர் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் அவெஞ்சர் க்ரூஸர் பைக் வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் உண்டு. தாழ்ந்த சீட், நீண்ட உடம்பு, விரிந்த ஹேண்டில்பார் என்று முன்னால் அவ்வளவு கம்பீரம். பின்னால் வெறும் 130/90-15. ஓசூரில் இந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்வதும் சுலபம். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு, அங்கே ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் 140/90-15 கைக்கு வந்துவிடும். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அப்படித்தான் தன் அவெஞ்சர் 220-க்கு மாட்டினார். என்னிடம் இருப்பதும் அதே 220. டயர் மட்டும் கம்பெனி அளவு. அதுவும் புதிதாகப் போட்டதுதான் என்பதால் ஒப்பிடத் தோதாக இருந்தது. வண்டிகளை மாற்றி மாற்றி சூளகிரி, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையிலும் தளி, தேன்கனிக்கோட்டை ரோடுகளிலும் ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் கணக்கு. 130/90-15 என்றால் டயரின் அகலம் 130 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 117. ரிம் விட்டம் 15 அங்குலம். எல்லாம் சேர்த்தால் டயரின் முழு விட்டம் 615 மில்லிமீட்டர். 140/90-15-ல் இதுவே 633. அகலம் கூடியது 10 மில்லிமீட்டர்தான், ஆனால் விட்டம் 18 கூடிவிட்டது! பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பின்சக்கர அச்சு 9 மில்லிமீட்டர் மேலே போகிறது. சைடு ஸ்டாண்டின் நீளம் மாறாததால் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கும். ஒரு சுற்றுக்கு 3 சதவீதம் கூடுதல் தூரம் போவதால் கியர் விகிதமும் அந்த அளவுக்கு உயர்கிறது. முன்பு 5,000 ஆர்பிஎம்மில் போன வேகத்துக்கு இப்போது 4,850 போதும்.

நெடுஞ்சாலையில் இது சுகம். சூளகிரி தாண்டி ஒரே சீராகப் போகும்போது இன்ஜின் சத்தம் ஒரு படி தணிந்தது. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பாலங்களின் இணைப்புகளில் வரும் அடியையும் டயர் பாதி வாங்கிக்கொண்டது. பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரிந்தது. தளி ரோட்டு ஏற்றங்களில் நிலைமை வேறு. இருவர் ஏறியிருந்தபோது, என் வண்டி நாலாவது கியரில் இழுத்துப் போன இடத்தில் நண்பரின் வண்டிக்கு மூன்றாவது தேவைப்பட்டது. டயரின் எடையும் கூடியிருப்பதால், நின்று கிளம்பும்போது பழைய துள்ளல் இல்லை. தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் நின்று நின்று போகிறவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

இனி கிரிப். அகலமான டயர் என்றால் ரோட்டை அதிகமாகப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் தரையைத் தொடும் ரப்பரின் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது வண்டியின் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். இரண்டும் மாறாதபோது அகலத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பின் வடிவம் மாறுமே தவிர, அளவு பெரிதாக மாறாது. டயர் மாற்றியதும் வண்டி ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தேய்ந்த பழைய டயரைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டவர்கள். அவர்கள் உணர்வது புது ரப்பரின் குணம். என் வண்டியிலும் புது டயர் இருந்ததால், பிரேக் பிடித்தபோது இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் எதையும் நான் உணரவில்லை.

வளைவுகளில் வித்தியாசம் தெரிந்தது, அதுவும் எதிர்த்திசையில். அகலமான டயர் சாயும்போது, தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து அதிக தூரம் விலகுகிறது. அதனால் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். தாழ்வான க்ரூஸர்களில் சாய்வதற்கு இடமே குறைவு. ஃபுட்பெக் சீக்கிரம் ரோட்டில் உரசிவிடும். தேன்கனிக்கோட்டை ரோட்டின் அடுத்தடுத்த திருப்பங்களில் நண்பரின் வண்டியைத் திருப்ப ஹேண்டில்பாரில் கூடுதலாக அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ரிம். டயர் தயாரிப்பாளர்கள் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு ரிம் அகலத்தைக் குறிப்பிடுகிறார்கள். 130/90-15-க்கு அது 3 அங்குலம், 140/90-15-க்கு மூன்றரை. குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பிக்கொண்டு மேலே எழும்பும். நண்பரின் டயரைக் குனிந்து பார்த்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் மழுங்கத் தொடங்கியிருந்தது. ஓரங்களில் அச்சில் வார்த்தபோது வந்த மெல்லிய ரப்பர் முடிகள் உதிராமல் அப்படியே நின்றன. காசு கொடுத்து வாங்கிய அகலம் ரோட்டைத் தொடவே இல்லை.

இடைவெளியும் குறைந்துவிட்டது. செயினுக்கும் டயருக்கும் நடுவே என் சுண்டுவிரலை நுழைக்கச் சிரமப்பட்டேன். சுத்தமான தார் ரோட்டில் இது போதும் என்று சொல்லலாம். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டும் குவாரியும் நிறைந்த பகுதி. லாரிகள் சிந்திய ஜல்லி ரோட்டோரமெங்கும் கிடக்கும். மழைக்காலத்தில் தளிப் பக்கத்துச் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு வரும். அந்த இடுக்கிலோ மட்கார்டுக்கு உள்ளேயோ கல்லோ மண்ணோ சிக்கினால் மட்கார்டு சிராயும். மோசமான நேரத்தில் சக்கரமே இறுகிவிடும்.

அகலத்தை எப்படித் தீர்மானிப்பார்கள் என்று பார்க்க ஓசூரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. பொதுவாக இன்ஜினின் சக்தி கூடினால் அகலமும் கூடும். டிவிஎஸ் ரோனினுக்கு 20 குதிரைசக்திதான். அதற்குப் பின்னால் 130/70-17. இதே ஊரில் டிவிஎஸ் தயாரித்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் 34 குதிரைசக்தி, அதற்கு 150/60-17. ராயல் என்ஃபீல்டு மீட்டியாரும் 20 குதிரைசக்திதானே, அதற்கு மட்டும் 140 ஏன் என்று கேட்கலாம். அந்த வண்டி 191 கிலோ. ரிம், ஸ்விங் ஆர்ம், செயின் பாதை எல்லாமே அந்த 140/70-17-ஐ மனதில் வைத்து வரைந்தவை. டயரை மட்டும் எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டிவிட்டால் அந்த வேலைப்பாடெல்லாம் கூடவே வந்துவிடாது.

சட்டமும் கவனிக்க வேண்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிஎன் 70 பலகையோடு தினமும் மாநில எல்லையைக் கடப்பவர்கள் இரண்டு மாநிலப் போலீஸுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைக் கேட்பார்கள்.

என் வண்டிக்கு 130-தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 140-க்குப் போகும் காசில் அதே அளவிலேயே நல்ல ரப்பர் கலவை உள்ள டயரை வாங்கி, வாரம் ஒருமுறை காற்று பார்த்தால் மழையில் நிம்மதியாகப் போகலாம்.

ஏற்கெனவே 140 மாட்டியவர்கள் ரிம்மில் பொறித்திருக்கும் அகலத்தை முதலில் படித்து, அந்த டயர் கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்போக் வீல் என்றால் அகலமான ரிம் போட்டுக் கம்பி கட்டலாம். அலாயில் அந்த வழியும் இல்லை. புது செயின் போடும்போது கூடுதல் கவனம் வேண்டும். செயின் புதிதாக இருக்கையில் சக்கரம் முன்னால் நகர்ந்து உட்காரும். அந்த நிலையில்தான் டயர் ஸ்விங் ஆர்முக்கு மிக நெருக்கத்தில் இருக்கும். இருவர் ஏறி உட்கார்ந்து ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது மட்கார்டின் உள்பக்கம் டயர் தொடுகிறதா என்று ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.