தூரிகை ஏந்திய மொரிஸோ

1868 முதல் 1874 வரை பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே, சக ஓவியர் பெர்த் மொரிஸோவைப் பத்து முறைக்கும் மேல் வரைந்தார். ஒன்றில் மொரிஸோ மாடிமுகப்பில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார்; இன்னொன்றில் கறுப்புத் தொப்பியும் மார்பில் வயலட் பூங்கொத்துமாகப் பார்க்கிறார். ஒரு படத்திலும் அவர் கையில் தூரிகை இல்லை. அந்த ஆண்டுகளில் மொரிஸோ பாரிஸ் சலோன் கண்காட்சிகளில் ஓவியங்களை வைத்துக்கொண்டிருந்தவர். 1874இல் நடந்த முதல் இம்ப்ரஷனிசக் கண்காட்சியில் பங்கெடுத்தவர். மானேயின் தம்பி யூஜீனை அவர் மணந்ததும் அதே ஆண்டின் இறுதியில்தான்.

1885இல், தம் நாற்பத்து நான்காம் வயதில், மொரிஸோ தம்மைத் தாமே வரைந்தார். 61 செ.மீ. உயரமும் 50 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய எண்ணெய் ஓவியம். தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டிருக்கிறார், நரை மறைக்கப்படவில்லை. கழுத்தைச் சுற்றி இருண்ட துணி. உடல் ஒரு பக்கம் திரும்பியிருக்க, முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. முகத்தில் மட்டும் வண்ணம் ஓரளவு திரண்டு நிற்கிறது. கீழே வர வர தூரிகை வேகமெடுக்கிறது. உடையின் மார்பில் சில வீச்சுகள் பூவாகின்றன. கையும் வண்ணத்தட்டும் குறிப்பாக மட்டுமே தெரிகின்றன. பின்னணியில் வண்ணம் படாத கான்வாஸே பல இடங்களில் வெளித்தெரிகிறது.

இந்த 'முடிக்காத' தன்மையை எப்படிப் படிப்பது என்பதில்தான் மொரிஸோ ஆய்வின் போக்கே மாறியிருக்கிறது. அவர் காலத்து விமர்சகர்கள் இதைப் பெண்மையின் நளினம் என்று பாராட்டினார்கள், அல்லது பயிற்சிக் குறை என்று தள்ளினார்கள். இரண்டும் அவரைப் பெண்ணாக மட்டும் பார்த்த ஒரே இடத்திலிருந்து வந்த பேச்சு. பயிற்சி என்று பார்த்தால், பாரிஸின் அரசு ஓவியப் பள்ளியான எகோல் தே போஸார் பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டதே 1897இல்தான். மொரிஸோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். பெண்களுக்கு எது மறுக்கப்பட்டது என்ற கேள்வியை 1971இல் கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் கூர்மையாக எழுப்பினார். மொரிஸோவும் சக இம்ப்ரஷனிச ஓவியர் மேரி கஸாட்டும் வரைந்த மாடிமுகப்பு, தோட்டம், வீட்டு அறை ஆகிய இடங்களை இன்னொரு கலை வரலாற்றாளர் கிரிசெல்டா பொல்லாக் 1988இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். இந்த ஆய்வுகள் நமக்குப் பெரும் கண்திறப்பு. ஆனால் சமூகத் தடைகளைப் பற்றிய பேச்சு, தூரிகையைப் பற்றிய பேச்சைச் சில சமயம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பது என் எண்ணம். கியூபெக், பிலடெல்பியா, டல்லாஸ் வழியாக 2019இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு வந்த பெரும் கண்காட்சி, எது முடிந்த ஓவியம், எது முடியாதது என்ற கேள்விக்கே இடம் ஒதுக்கியது. அந்தத் திசைதான் சரி. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த கை இது.

கஸாட்டின் 1878 தன்னுருவப் படத்தை அருகே வைத்துப் பார்க்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள கவாஷ் (ஒளிபுகா நீர்வண்ண) ஓவியம் அது. வெள்ளை உடையும் பூத்தொப்பியுமாகச் சாய்ந்திருக்கும் கஸாட், பார்வையை வேறெங்கோ வைத்திருக்கிறார். தொழிலின் அடையாளம் எதுவும் இல்லை. அழகான படம்தான். ஆனாலும் மொரிஸோவின் படத்தில் இருக்கும் துணிச்சலை அதில் நான் காணவில்லை. அதே வட்டத்தைச் சேர்ந்த மரி பிராக்மோன் 1890 வாக்கில் ஓவியம் வரைவதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டார். கணவரின் எதிர்ப்பு அதற்கு முக்கியக் காரணம்.

எட்டு இம்ப்ரஷனிசக் கண்காட்சிகளில் ஏழில் மொரிஸோ பங்கெடுத்தார். மகள் ஜூலி பிறந்ததை அடுத்து வந்த 1879 கண்காட்சியில் மட்டும் அவர் இல்லை. 1895இல் அவர் இறந்தபோது இறப்புச் சான்றிதழில் 'தொழில் இல்லை' என்று பதிந்தார்கள். பாரிஸின் பாசி கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே யூஜீன் மானேயின் விதவை என்றே பொறித்திருக்கிறார்கள்.

1885 ஓவியம் இன்று பாரிஸின் மார்மோத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இம்ப்ரஷனிசத்துக்குப் பெயர் தந்த மோனேயின் சூரியோதய ஓவியமும் அங்கேதான். அதைப் பார்க்கப் போகிறவர்கள் மொரிஸோவின் முன்னாலும் சற்று நேரம் நின்று பாருங்கள்.