எதிர்ச்செயலும் பொருந்தும் துயரமும்

மார்ஷா லினெஹான் 1993இல் வெளியிட்டு 2015இல் விரிவாக்கிய திறன் பயிற்சிக் கையேடு, தற்கொலை எண்ணத்தால் அலைக்கழிக்கப்படுவோருக்கான சிகிச்சையினின்று எழுந்தது. பின்னர் மனச்சோர்வுக்கும் எடுத்தாளப்படலாயிற்று. உணர்ச்சிக்குப் பெயரிடுதல், உண்மை நிலையைச் சோதித்தல், எதிர்ச்செயல் புரிதல் ஆகியவற்றை அது பாடமாகவே கற்பிக்கிறது. சோர்வு படுக்கையில் முடங்கச் சொன்னால், எழுந்து நடப்பதே எதிர்ச்செயல்.

துக்கவீட்டிலும் சந்தோஷத்தையே பிரசங்கிக்கும் நமக்கு இது சான்றெனப் போதகர் சிலர் மகிழக்கூடும். அது தவறு. உணர்ச்சி உண்மைக்குப் பொருந்தாதபோதோ, அதன்படி நடப்பது பயன்தராதபோதோ மட்டுமே எதிர்ச்செயல் என நூல் வரையறுக்கிறது. பிள்ளையை அடக்கம்பண்ணிய தாயின் அழுகை பொருந்தும் அழுகை. அத்தகைய அழுகையை நான் ஒருமுறை திருத்த முற்பட்டேன். அவ்வீட்டார் இன்றுவரை என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

உடலைப் பேணும் பகுதி சிறிதெனினும் சிறந்தது. நோய்க்கு மருத்துவம், அளவான உணவு, போதிய உறக்கம்! சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிய எலியாவுக்குத் தூதன் முதலில் காட்டியதும் அடையும் தண்ணீருமன்றோ? ஓரேபின் உரையாடல் பின்னரே வந்தது.

குறையும் உண்டு. தாள் தாளாக நிரப்பும் பயிற்சிகள் எழுத்தறியாத விசுவாசிக்குக் கதவடைக்கின்றன. அவற்றை வாய்மொழியாகக் கற்பிக்கும் முறையை நம் மாணவர்தாம் உருவாக்க வேண்டும்.