சமூக நீதித் தொண்டின் மார்க்கங்கள்

ஏற்றத்தாழ்வு எலும்புவரை ஊறிப்போன நம் தேசத்தில், அரசாங்கம் பாராமுகமாயிருந்த காரியங்களைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்ட பொதுஜன ஸ்தாபனங்களின் பாரம்பரியத்தை ஆராயப் புகுந்தால், ஒரே லட்சியத்தை நாடினும் ஒன்றோடொன்று பிணங்கும் சில மார்க்கங்கள் புலப்படும்.

1905-இல் கோகலே புனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கமும், 1932-இல் காந்தியடிகளின் முயற்சியால் எழுந்த ஹரிஜன சேவக சங்கமும் சேவை மார்க்கத்தைச் சேர்ந்தவை. அவை செய்த கல்விப் பணியை நன்றியோடு நினைக்கவேண்டும். ஆயினும், பின்னதன் நிர்வாகத்தில் தீண்டாமைக்கு ஆளானவர்களுக்கு உரிய இடமில்லை என்று டாக்டர் அம்பேத்கர் எழுப்பிய ஆட்சேபமே, எந்த ஸ்தாபனத்தையும் உரைத்துப் பார்க்கத்தக்க உரைகல் என்பது என் துணிபு.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டதைக் கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்த சர்வோதயத் தொண்டர்களான ஜகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும், 1981-இல் உழுவோரின் நில விடுதலைக்கான லாப்டி இயக்கத்தைத் தொடங்கி, மிராசுதாரர்களிடம் விலை பேசி நிலம் வாங்கி, அதைக் கூலிப் பெண்களின் பெயரிலேயே பத்திரம் பதிவு செய்வித்தார்கள். இது உடைமை மார்க்கம்.

மூன்றாவதாகிய கணக்கு மார்க்கமே என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. ராஜஸ்தானத்தின் தேவ்டுங்ரி கிராமத்து மண் குடிசையொன்றில் குடியேறிய அருணா ராயும் தோழர்களும், 1990-இல் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்னும் தொழிலாளர் விவசாயிகள் அமைப்பை நிறுவினார்கள். 1994 முதல் அவர்கள் கூட்டிய மக்கள் விசாரணைகளில், ஊர்ப் பொதுவிடத்தில் பந்தல் போட்டு, பொதுப்பணி வேலைகளின் வருகைப் பதிவேட்டை ஒலிபெருக்கியில் பெயர் பெயராக உரக்க வாசிப்பார்கள். பெயர் கேட்ட கூலியாள் எழுந்து, அந்த வேலைக்குத் தாம் போனதேயில்லை என்பார். செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருப்பது அம்பலமாகும். எழுத்தறியாதவரும் சாட்சியாகவும் தணிக்கையாளராகவும் நிற்கும் அச்சபைக்கு நிகரான பாடசாலையை நான் அறியேன். தகவல் பெறும் உரிமை கோரி 1996-இல் ராஜஸ்தானத்துப் பியாவரில் நாற்பது நாள் நீடித்த தர்ணாவும், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் அதன் வழியே விளைந்தவை. சங்கடனின் முழுநேர ஊழியர்களோ குறைந்தபட்சக் கூலியளவு ஊதியத்தோடு அமைகிறார்கள்.

இம்மலரைக் கையிலேந்தும் ஸ்தாபன நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டு விழாவில் உங்கள் வரவு செலவுக் கணக்கை, எந்த ஏழைகளின் பேரால் நன்கொடை பெற்றீர்களோ அவர்கள் முன்னிலையில் வரி வரியாக வாசியுங்கள், அவர்கள் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லுங்கள்.