காணாத மாளிகை: லூயிசின் புதினத்தில் பழங்கதையும் சமய நம்பிக்கையும்

சமயக் கருத்தைக் கற்பனைக் கதையில் வைத்துரைக்கும் நூல்களை ஆராய்வோருட் பலர், கதையைப் போர்வையாகவும் கருத்தைப் பொருளாகவும் கொண்டு, போர்வையை நீக்குவதே திறனாய்வென அமைந்துவிடுகின்றனர். பன்யனின் மோட்சப் பிரயாணத்திற்கு (1678) இம்முறை ஒருவாறு பொருந்தும். ஆங்கு மாந்தர் பெயர்களே அவர்தம் பொருளைக் கூறிவிடும். அதனைத் தழுவிய இரட்சணிய யாத்திரிகத்திற்கும் (1894), அதன் இசைப்பாக்கள் நீங்கலாக, அஃது ஒக்கும். ஆயின், 'நமக்கு முகங்கள் வாய்க்கும்வரை' எனப் பொருள்படும் பெயரில் சி. எஸ். லூயிசு 1956-இல் வெளியிட்ட ஆங்கிலப் புதினத்தில் இம்முறை செல்லாது என்பது எம் கருத்து.

அபுலேயசு கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய சைக்கி கதையே இதற்கு முதல். ஆங்குத் தமக்கையர் இருவரும் தங்கை வாழும் தெய்வ மாளிகையைக் கண்ணாரக் கண்டு, அழுக்காற்றால் அவளைக் கெடுக்கின்றனர். லூயிசோ, தமக்கை ஓருவலின் கண்ணுக்கு அம்மாளிகையை மறைத்துவிட்டார். கிண்ணத்தில் மது தருவதாகத் தங்கை கூறுகிறாள். இவள் காண்பதோ, அவள் கைகளில் ஏந்திய நீரை. பின்னர் மூடுபனியிடையே மாளிகை ஒருகணம் தோன்றி மறைகிறது. அதுவும் உறுதி தரவில்லை. தங்கை பித்துற்றாள் அல்லது வஞ்சிக்கப்பட்டாள் என அஞ்சி, அன்பின் பெயரால் அவள் வாழ்வைக் குலைக்கிறாள். நம்பாதவளை ஆசிரியர் கொடியவளாக்கவில்லை. நூலின் முதற்பகுதி முழுவதும் தேவர்கள்மீது அவள் தொடுக்கும் வழக்கே ஆகும்.

முதுமையில் ஓருவல், அயல்நாட்டுச் சிறு கோயிலொன்றில் பூசகர் வாயிலாகத் தன் கதையையே கேட்கிறாள். அதில் தமக்கையர் மாளிகையைக் கண்டதாக வருகிறது. அபுலேயசின் கதையே பொய்ச்சான்றாகப் புதினத்துள் புகுந்து நிற்கிறது! அச்சினமே அவளை எழுதத் தூண்டுகிறது. காணாததை நம்புதல் எங்ஙனம் என்னும் வினா இம்மாற்றத்திலேயே பிறக்கிறது. கதையை நீக்கினால் வினாவும் உடன் நீங்கும்.

இந்நிகழ்ச்சிகள் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தன. அவர் பெயர் யாண்டும் வாராது. நார்னியா கதைகளில் (1950–1956) இறந்தெழும் சிங்கத்தை எவரும் எளிதில் அடையாளம் காண்பர். சிறார்க்கு அது தகும். ஈண்டோ குருதி மணக்கும் உங்கித்தின் கல்லும், கிரேக்க ஆசானின் தெளிந்த அறிவும் எதிரெதிர் நிற்கின்றன. இரண்டனுள் ஒன்றையும் ஆசிரியர் எளிதில் தள்ளவில்லை.

இரண்டாம் பகுதியிற் கனவுக் காட்சிகள் விரைந்து அடுக்கப்பெறுதல் குறையே. எனினும் ஒரு காட்சி தனித்து நிற்கிறது. தேவர் அவையில் ஓருவல் தன் வழக்கைப் படிக்கிறாள். கையிலிருப்பது தான் எழுதிய பெருநூலன்று, ஒரு கந்தலேடு. தங்கை தனக்கே உரியவள் என்னும் அடங்கா வேட்கையன்றி அதில் வேறில்லை. நடுவர் தீர்ப்பேதும் உரைக்கவில்லை. விடை கிடைத்ததா என்று மட்டும் வினவுகிறார். கிடைத்தது என்கிறாள் அவள்.