கயிறு குறையக் குறைய

2013-ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கவிங்டனில், மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய படகின் பின்னால் 9.75 மீட்டர் கயிற்றைப் பற்றிக்கொண்டு, நேட் ஸ்மித் என்னும் நீர்ச்சறுக்கு வீரர் இரண்டரை மிதவைகளைச் சுற்றி உலக சாதனை நிறுவினார். ஆறு மிதவைகள் கொண்ட பாதையில் இரண்டரை மட்டும் சுற்றியது எப்படிச் சாதனையாகும் என்று இவ்விளையாட்டைப் புதிதாய்க் காண்பவர் கேட்பது இயல்பே. அதற்கு முந்திய ஓட்டத்தில் 10.25 மீட்டர் கயிற்றில் ஆறு மிதவைகளையும் பிழையின்றி முடித்த பிறகுதான் ஒருவர் 9.75 மீட்டர்க் கயிற்றைத் தொடவே அனுமதி பெறுகிறார் என்பதையும், அந்தக் கயிறு படகின் நடுக்கம்பத்திலிருந்து மிதவை வரையுள்ள தூரத்தைவிடக் குட்டையானது என்பதையும் அறிந்தால், அந்த அரை மிதவையின் கனம் விளங்கும்.

ஸ்லாலம் எனப்படும் இப்பிரிவின் கணக்கு எளிது. பாதையின் நீளம் 259 மீட்டர். நடுக்கோட்டின் இரு புறமும் மாறி மாறி 11.5 மீட்டர் தள்ளி மூன்று மூன்றாக ஆறு மிதவைகள் நிற்கின்றன. படகு நடுக்கோட்டை விட்டு விலகாமல் நேரே செல்ல, வீரர் ஒற்றைப் பலகையில் நின்று, நுழைவாயிலின் ஊடே புகுந்து, ஆறு மிதவைகளையும் வெளிப்புறமாகச் சுற்றி, மறுவாயிலின் ஊடே வெளியேற வேண்டும். ஆண்களுக்கு உச்ச வேகம் 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அந்த எல்லையை எட்டிய பின் வேகம் ஏறுவதில்லை, கயிறுதான் குறைகிறது. 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75 என்று படிப்படியாக இறங்கும் அந்த வரிசையைக் கவனித்தால், முதலில் இரண்டேகால் மீட்டராக இருந்த இறக்கம், போகப் போகச் சுருங்கிக் கடைசியில் அரை மீட்டராக நிற்பது தெரியும். இந்த அரை மீட்டர் சிலருக்குப் பல ஆண்டு அப்பியாசத்தின் விலை.

11.25 மீட்டர்ப் படிதான் இவ்விளையாட்டின் எல்லைக்கல் என்பது என் அபிப்பிராயம். அதற்கு முந்திய படிவரை கயிறு மிதவையை எட்டுகிறது, அதிலிருந்து எட்டுவதில்லை. 9.75 மீட்டரில் கயிறு படகுக்குச் செங்குத்தாக விரிந்தாலும் மிதவைக்கு இன்னும் 1.75 மீட்டர் எஞ்சியிருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது மனித உடல். ஒரு கை கயிற்றின் பிடியோடு படகை நோக்கி நீண்டிருக்க, உடல் மிதவைக்கு மேலாகச் சாய்ந்திருக்க, பலகை மட்டும் மிதவைக்கு அப்பால் சுழன்று திரும்பும் அந்தக் கணம், புகைப்படக்காரர்கள் காத்துக் கிடக்கும் கணம். ஆனால் அதன் வெற்றி தோல்வி அங்கே நிர்ணயமாவதில்லை. படகு 259 மீட்டரை 16.08 விநாடியில் கடக்கிறது. 41 மீட்டர் இடைவெளியுள்ள ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு இரண்டரை விநாடிக்குச் சற்றே அதிகம். நீளவாட்டில் 41 மீட்டரும் அகலவாட்டில் 23 மீட்டரும் நகரவேண்டிய வீரர், வளைவே இல்லாமல் நேர்க்கோட்டில் போவதாக வைத்துக்கொண்டாலும் 47 மீட்டர் செல்லவேண்டும். சராசரி வேகம் மணிக்கு 66 கிலோமீட்டராகிறது. மிதவையின் அருகே வேகம் தணிய வேண்டியிருப்பதால், நடுவில் அலைத்தடத்தைக் குறுக்கே வெட்டும்போது அவர் அந்தச் சராசரியை வெகுவாக மிஞ்சியே தீரவேண்டும். முதல் மிதவையில் கால் விநாடி தாமதித்தவர் இரண்டாவதில் அதைச் சரிக்கட்ட அதிகம் இழுக்கிறார். அதிகம் இழுத்ததால் வேகம் மிகுந்து, திரும்பும்போது கயிறு தொய்கிறது. தொய்ந்த கயிறு மீண்டும் விறைக்கும்போது வெடுக்கென்று இழுத்து மூன்றாவதில் வீழ்த்துகிறது. விழுந்த இடத்தை மட்டும் பார்க்கிறவர்கள் மூன்றாம் மிதவையைக் குறை சொல்வார்கள். பிழை பெரும்பாலும் நுழைவாயிலில் பிறந்ததாக இருக்கும்.

மிதவையைச் சுற்றிய மாத்திரத்தில் முழு மதிப்பெண் கிட்டுவதில்லை. சுற்றிய பின் கயிறு விறைப்பாக இருக்க உள்ளே திரும்பி வந்தால்தான் அது முழுமை. ஆகவே இவ்விளையாட்டில் ஒரு மதிப்பெண்ணின் உண்மை, மிதவை இருக்கவேண்டிய இடத்தில் இருந்ததா, கயிறு அளவில் சரியாக இருந்ததா, படகு சொன்ன வேகத்தில் சொன்ன கோட்டில் போயிற்றா என்ற மூன்று கேள்விகளையே ஆதாரமாகக் கொண்டது. வீரரின் சாமர்த்தியத்தைப் பற்றி எழுதுவோர் பலர். இந்த மூன்றைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். பயிற்சி ஏரிகளிலும் இந்த மனப்பான்மைதான் நிலவுகிறது. புதிய கார்பன் பலகைக்குத் தயங்காமல் பெருந்தொகை கொடுப்பவர்கள், வெயிலிலும் இழுப்பிலும் நீண்டுபோன பழைய கயிற்றை மாற்றவும், ஒருமுறைகூட அளக்கப்படாத பாதையை அளக்கவும் மனம் கொள்வதில்லை. பத்து சென்டிமீட்டர் நீண்டுவிட்ட கயிறு, வீரருக்குத் தம்மைப் பற்றிய பொய்யான நம்பிக்கையை ஊட்டும்; போட்டி நாளில் புதுக் கயிற்றின் முன் அந்த நம்பிக்கை நொறுங்கும்போது அவர் குறை காண்பது பாவம், பலகையைத்தான்.

பலகையைப் பற்றியும் சொல்லவேண்டும். அதன் வால்பகுதிக்கு அடியில் ஃபின் எனப்படும் சிறு உலோகத் தகடு ஒன்று நீரில் அமிழ்ந்து நிற்கிறது. ஏறத்தாழ 7 அங்குல நீளமும் இரண்டரை அங்குல ஆழமும் உள்ள அத்தகட்டின் நீளம், ஆழம், வாலிலிருந்து அதன் தூரம் ஆகிய மூன்றையும் வீரர்கள் காலிப்பர் கொண்டு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். தம்பூராவில் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்தினால் நாதத்தின் குணமே மாறுவதுபோல, இத்தகட்டை ஆயிரத்தில் ஐந்து பங்கு ஆழப்படுத்தினாலும் வால்பகுதி நீரைப் பற்றும் விதம் மாறிவிடுகிறது. ஆழம் மிகுந்தால் வால் ஸ்திரமாக நிற்கும், ஆனால் திருப்பம் மந்தமாகும். குறைந்தால் வால் எளிதில் சறுக்கும், ஆனால் நிலை தடுமாறும். தகட்டின் பக்கவாட்டில் பொருத்தப்படும் சிறிய இறக்கை, 7 முதல் 9 பாகை வரை சாய்வில் நின்று, திருப்பத்துக்கு முன் பலகையின் வேகத்தைத் தணிக்கிறது. பலகையில் பூட்டிய காலணியை ஒரு துளை முன்னே நகர்த்தினால் நுனியின் மேல் பாரம் கூடி மேற்கண்ட எல்லாக் கணக்கும் மறுபடி தொடங்கும். ஒரே நாளில் இரண்டு அளவுகளை மாற்றுகிறவர் எதனால் என்ன விளைந்தது என்பதை ஒருபோதும் அறியமாட்டார். நீரின் வெப்பத்தையும் உடன் குறித்து வைப்பது அவசியம்: 10 பாகை செல்சியஸில் இருக்கும் ஜலம் 30 பாகையில் உள்ளதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பிசுக்குத்தன்மை உடையது, வசந்தத்தில் நன்றாய்ப் பேசிய பலகை கோடையில் ஏன் ஊமையாயிற்று என்று வியப்பவர்கள் இதை மறந்தவர்கள்.

பாதை அமைப்பதுதான் எல்லாவற்றிலும் பொறுமையைச் சோதிக்கும் காரியம். திருப்பங்களுக்கு ஆறு, படகுக்கு வழிகாட்ட ஆறு ஜோடிகளாகப் பன்னிரண்டு, இரு வாயில்களுக்கும் நான்கு என்று 22 மிதவைகள் வேண்டும். படகுக்கான ஜோடிகளின் இடைவெளி இரண்டரை மீட்டருக்கும் குறைவு. படகு அவற்றை ஏறக்குறைய உரசிக்கொண்டே செல்கிறது. நிரந்தர ஏரிகளில் கரையிலிருந்து சர்வே கருவி கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் நிர்ணயித்து, ஒவ்வொரு மிதவைக்கும் தனி நங்கூரம் இறக்குகிறார்கள். பொது நீர்நிலைகளிலோ, நடுக்கோட்டில் நீருக்கடியே நீண்ட கம்பி வடம் ஒன்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து பிளாஸ்டிக் குழாய்களைக் கைகள்போல் இருபுறமும் நீட்டி, அவற்றின் முனைகளில் மிதவைகளைப் பிணைக்கிறார்கள். மற்றப் படகுகளுக்கு இடையூறின்றிப் பாதை முழுவதையும் நீருக்குள் மறைத்து வைக்கவும் உபாயம் உண்டு: அடியிலுள்ள குழாயில் காற்றை ஏற்றினால் பாதை மேலெழும், காற்றை வெளியேற்றினால் அமிழும்.

நங்கூரம் இறக்கியதோடு வேலை முடிவதில்லை. நீர்மட்டம் ஏறினால் மிதவை அமிழும். இறங்கினால் கயிறு தொய்ந்து, காற்று அடிக்கும் திசையில் மிதவை நகர்ந்துவிடும். இதைத் தடுக்க, நீர்மட்டத்துக்குக் கீழே இன்னொரு மிதவையை நங்கூரக் கயிறு விறைப்பாக நிற்கும்படி பூட்டி, அதிலிருந்து ரப்பர்க் குழல் கொண்டு மேல்மிதவையைக் கட்டுவது நல்ல முறை. ரப்பர் நீண்டு சுருங்குவதால் சிறு ஏற்ற இறக்கம் மிதவையை இடம்பெயர்க்காது. ஆனால் அந்த ரப்பரும் காலக்கிரமத்தில் நைந்து போகும். பருவந்தோறும் யாரேனும் ஒருவர் கலங்கிய நீரில் மூழ்கி, சேறு பூசிய விரல்களால் தடவிப் பார்த்து, வெடித்த குழலை அவிழ்த்துப் புதியதைக் கட்டவேண்டியிருக்கிறது. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. வீரரின் பெயரோடு அவர் பெயரும் அச்சாக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

ஏரியின் வடிவமும் முக்கியம். இவ்விளையாட்டுக்கென்றே வெட்டப்படும் ஏரிகள் நீண்டு ஒடுங்கியவை. செங்குத்தான கரை அலையைத் திருப்பி அனுப்பிவிடும். சரிவான கரை அதை வாங்கிக் கரைத்துவிடும். ஆகையால் கரையைச் சரிவாக அமைப்பதும், கோடியில் படகு வட்டமடித்து அலை கிளப்பாமல், போன தடத்திலேயே அமைதியாகத் திரும்புவதும் அங்கே சம்பிரதாயம்.

இனிப் படகு. 1922-இல் மினசோட்டாவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர் துணி உலர்த்தும் கயிற்றைப் பற்றிப் பலகைகளின் மேல் நின்றபோது, இழுத்த படகு இதற்கென்று செய்யப்பட்டதன்று. இன்றோ, கரெக்ட் கிராஃப்ட் நிறுவனத்தின் ஸ்கீ நாட்டிக், 1968-இல் டென்னசியில் ராப் ஷர்லி தொடங்கிய மாஸ்டர்கிராஃப்ட், கலிபோர்னியாவில் பிறந்த மலிபு ஆகியவை வார்க்கும் போட்டிப் படகுகளின் லட்சணமே வேறு: என்ஜின் நடுவில், கயிறு கட்டும் கம்பமும் நடுவில், அடியில் நேர்க்கோடு தவறாமல் பிடித்து வைக்கும் சிறு தகடுகள், பின்னே கூடியவரை தட்டையான அலைத்தடம். அத்தகடுகளில் ஒன்று தரைதட்டி வளைந்தால் படகு ஒரு பக்கமாக நழுவத் தொடங்கும். ஓட்டுநர் அறியாமலே அதைத் திருத்திக்கொண்டிருப்பார். வீரருக்கு மட்டும் ஒரு பக்கத்து மிதவைகள் கடினமாகவும் மறுபக்கத்தவை எளிதாகவும் தோன்றும்.

இப்படகுகளில் பெரும்பாலானவற்றின் என்ஜின் ஏரி நீரையே உறிஞ்சிக் குளிர்கிறது. அந்நீரை இழுக்கும் பம்புக்குள் இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம் சுழல்கிறது. அதன் இதழ்களுக்கு நீரே உயவுப் பொருள். நீரில்லாமல் சிறிது நேரம் ஓடவிட்டாலே அவை கருகி ஒடிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை அதை மாற்றும்போது, பழையதன் இதழ்களை எண்ணிப் பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் அடையாளம். ஒன்று குறைந்தால் அது எங்கோ நீர்ப்பாதையில் சிக்கியிருக்கிறது, தேடி எடுக்காவிட்டால் நடுக்கோடையில் என்ஜின் கொதிக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் படகின் அடியை விட்டு வெளியேறும் இடத்தில் நீரைத் தடுக்கும் கிளாண்ட் என்ற அடைப்பு, பழைய முறைப் பேக்கிங்காக இருந்தால், ஓடும்போது துளித்துளியாகச் சொட்டவேண்டும். சொட்டே கூடாதென்று முடுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். ஷாஃப்டும் கியர்ப்பெட்டியும் சேரும் இணைப்பின் இரு முகங்களும் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் விலகாதபடி சரிபார்க்க வேண்டும். அதையும் படகு நீரில் மிதக்கும்போதே செய்யவேண்டும், ஏனெனில் டிரெய்லரின் மேல் இருக்கும்போது படகின் உடல் வேறுவிதமாக வளைந்து நிற்கிறது. மினசோட்டா போன்ற பனிநாடுகளில் பருவ முடிவில் என்ஜினின் உள்ளே தங்கிய நீர் முழுவதையும் வடித்தே தீரவேண்டும். உறையும் நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. வார்ப்பிரும்பு அதற்கு வழிவிடாமல் பிளந்துவிடுகிறது.

வேகத்தைக் காப்பதில்தான் எங்கள் காலத்திலேயே பெரிய மாறுதல் நிகழ்ந்தது. முன்பு ஓட்டுநர் கைப்பிடியைப் பிடித்தபடி, வீரர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் தளரும் வேகத்தைத் தம் விரலுணர்வால் ஈடுசெய்து, கடிகாரத்தோடு ஒத்துப்பார்ப்பார். இன்று செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜீரோ ஆஃப் என்ற யந்திரம் அதைச் செய்கிறது. ஓட்டுநரின் கலை அழிந்தது என்று வருந்துவோர் உண்டு; அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. நண்பருக்கு ஒரு விதமாகவும் அயலாருக்கு ஒரு விதமாகவும் இழுக்கும் சந்தேகத்துக்கே இடமின்றிப் போனது விளையாட்டுக்கு நன்மை. ஓட்டுநருக்கு இன்னும் கோட்டைக் காக்கும் கடமை இருக்கிறது, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் வீரர் படகையே பக்கவாட்டில் இழுக்கும்போது அதை நேராக வைத்திருப்பது சாமானிய வித்தையன்று. யந்திரமும் வீரரின் விருப்பத்தை முற்றிலும் பறித்துவிடவில்லை. இழுப்புக்கு எப்போது பதில் தரவேண்டும் என்பதை ஏ, பி, சி என்ற எழுத்தாலும், எவ்வளவு பலமாகத் தரவேண்டும் என்பதை 1, 2, 3 என்ற எண்ணாலும் வீரர் தாமே தேர்ந்து, ஓட்டத்துக்கு முன் ஓட்டுநரிடம் சொல்லிவிடுகிறார். கனத்த உடலினர் ஒன்றையும் மெல்லிய உடலினர் வேறொன்றையும் விரும்பலாம். எதை விரும்பினாலும், பயிற்சியில் பழகிய எழுத்தையும் எண்ணையும் போட்டி நாளன்று மாற்றுகிறவர், கயிறு 11.25 மீட்டருக்குக் கீழே இறங்கியதும் அதன் பலனை அனுபவிக்கிறார்.